அரசு மச்சான்

வேனிலிருந்து இறங்கி மச்சான் அறைக்குள் வந்தபோது தவசிலிங்கம் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. வம்பு அங்கேயே ஆரம்பமாகிவிட்டது.

வந்தது இயந்திரம்தானே, அதற்கு எதற்கு எழுந்திருப்பது என்று அவர் நினைத்தார். அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் முப்பத்தோரு வருடம் டைம் கீப்பராக இருந்தவர். டிரைவர்களும் கண்டக்டர்களும்தான் அவருடைய ஜன்னலுக்கு வந்து குனிந்து நின்றிருக்கிறார்கள். யாருக்காகவும் எழுந்து அவருக்குப் பழக்கமில்லை.

இயந்திரம் வாசலில் நின்று அவருடைய முழங்காலையே பார்த்தது. வெள்ளை வேட்டி, அரைக்கைச் சட்டை, பாக்கெட்டில் மூக்குக்கண்ணாடி, கையில் மஞ்சள் பை. சட்டைக்குள் அளவான தொந்தி. டெண்டர் அறிவிப்பிலேயே 'தொந்தி, மிதமானது' என்று ஒரு வரி இருந்ததாம். முழங்கால் நிமிரப்போவதில்லை என்று உறுதியானதும் அது தொண்டையைக் கனைத்தது.

"இருக்கட்டும் மாப்ள, உக்காந்தே இருங்க. நமக்கெல்லாம் யாரு எந்திரிக்கப் போறாக."

சொல்லிவிட்டு வராந்தாவுக்குப் போய், சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டது.

இது நடந்தது இரண்டாயிரத்து ஐம்பத்தெட்டில். அருப்புக்கோட்டையிலேயே, சாத்தூர் ரோட்டில் இருந்த அரசின் முதியோர் நீள்பராமரிப்பு இல்லத்துக்குத் தவசிலிங்கம் வந்து நான்கு வருடம் ஆகியிருந்தது. மனைவி எப்போதோ போய்விட்டார். மகன் மெல்போர்னில். ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குத் திரையில் வந்து, "நல்லா இருக்கீங்களாப்பா?" என்று கேட்டுவிட்டுப் பத்தே காலுக்குப் போய்விடுவான்.

இல்லத்தில் குறை என்று ஒன்று கிடையாது. அதுதான் அங்கே பெரிய பிரச்சினையாகப் போயிற்று. எங்கேயோ பனி கொட்டும் நாட்டில் எழுதிய மென்பொருள் அந்தக் கட்டடத்தை நடத்தியது. தொண்டை வறளும் முன்பே தண்ணீர் வந்து நிற்கும். முதுகு வலிக்கப் போகிறது என்று முதுகுக்குத் தெரியும் முன்பே கட்டில் வளைந்து கொடுக்கும். காபியில் சர்க்கரை ஒரு நாளும் கூடாது, குறையாது. தினமும் காலையில் சுவர்த்திரை, "நேற்று ஏதேனும் குறை உண்டா?" என்று கேட்கும். நாற்பது பேரும் நான்கு வருடமாக "இல்லை" என்று அழுத்தினார்கள். அழுத்தி அழுத்தி மெலிந்துபோனார்கள். தவசிலிங்கம் ஆறு கிலோ இறங்கினார். இரண்டாம் மாடியில் அவருக்கு எதிர் அறையில் இருந்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியை பேசுவதையே விட்டுவிட்டார். ரத்தம், சிறுநீர், இதயம் எல்லாவற்றையும் சோதித்தார்கள். எல்லாம் சரியாக இருந்தது. ஆனால் ஆட்கள் மட்டும் வாடினார்கள்.

சென்னையிலிருந்து விசாரிக்க வந்தவர் இணை இயக்குநர் செல்வகனி. ஐம்பது வயது, தெற்கே முதலூர் என்ற ஊர்க்காரர், கேள்வி கேட்டால் பதில் வரும்வரை கண்ணை எடுக்கமாட்டார்.

"கடைசியா எப்ப சார் கோவப்பட்டீங்க?" என்று தவசிலிங்கத்திடம் கேட்டார்.

"எதுக்குக் கோவப்படணும்? எல்லாந்தான் சரியா இருக்கே."

"அதைச் சொல்லும்போது ஏன் சார் உங்களுக்கு அழுகை வருது?"

தவசிலிங்கம் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"பாருங்க சார், இந்த மென்பொருளை எழுதினவங்க, வயசானவங்களுக்கு அமைதி கொடுத்தாப் போதும்னு நினைச்சிருக்காங்க. அவங்க ஊருக்கு அது சரி. நம்ம ஆளுங்களுக்கு அமைதி ஒத்துக்கலை. கோவிச்சுக்க ஒரு ஆள் வேணும், சமாதானப்படுத்த ஒரு ஆள் வேணும். இன்னிக்கு நீங்க, நாளைக்கு அவர். ரெண்டாயிரம் பேர்கிட்ட ஆய்வு பண்ணிட்டோம். யார்கூடவாவது மனத்தாங்கல் இருக்கிறவங்க தினமும் ரெண்டு கிலோமீட்டர் கூடுதலா நடக்கிறாங்க."

"அதுக்கு அரசாங்கம் என்னம்மா செய்ய முடியும்?"

"நூத்திநாப்பது கோடி ஒதுக்கியாச்சு. பண்பாட்டுக்கேற்ற நீள்பராமரிப்புத் திட்டம். ஆளுக்கு ஒரு உறவு. முப்பதாயிரம் கல்யாண வீடியோ, சடங்கு வீடியோ, கிரகப்பிரவேச வீடியோ எல்லாத்தையும் போட்டுப் பயிற்சி கொடுத்திருக்கோம். உங்க மகன் கல்யாண வீடியோவும் அதுல உண்டு."

ஒரு படிவத்தை நீட்டினார். எந்த உறவு வேண்டும் என்று கேட்டு, மச்சான், சம்பந்தி, நாத்தனார், சகலை, பெரியப்பா மகன் என்று கட்டம் போட்டிருந்தது. தவசிலிங்கம் எந்தக் கட்டத்தையும் தொடவில்லை. அடியில், 'யாரும் வேண்டாம். குறிப்பாக மச்சான் வேண்டாம்' என்று எழுதிக் கொடுத்தார்.

செல்வகனி அதை இரண்டு முறை படித்தார். 'குறிப்பாக' என்ற சொல்லுக்குக் கீழே ஒரு கோடு போட்டுக்கொண்டார்.

அப்படித்தான் மச்சான் வந்து சுவரைப் பார்த்து நின்றது.

மறுநாள் காலையிலும் நின்றது. அட்டெண்டர் பேச்சியம்மாள் பதறிப்போய் ஓடிவந்தார்.

"ஐயா, அவுக ராத்திரிலேருந்து சார்ஜ் ஏத்திக்கிடலைய்யா. பதினாலு பெர்சென்ட்தான் இருக்கு."

"பிளக்கைச் சொருகிவிட வேண்டியதுதானே?"

"சொருகினா உருவிப் போட்டுறாக. வீட்டுக்காரக கூப்புடாம எப்படிங்காக. நீங்க வந்து ஒரு வார்த்தை சொல்லுங்க."

"நான் எதுக்குச் சொல்லணும்? நானா வரச் சொன்னேன்?"

சாயங்காலம் நான்கு சதவீதம். வராந்தாவிலிருந்து ஈனக்குரலில், "பரவால்ல பேச்சி, எனக்கு இதெல்லாம் பழக்கந்தான்" என்று கேட்டது. எதிர் அறையிலிருந்து தலைமையாசிரியை எட்டிப் பார்த்தார். பதினெட்டு மாதம் கழித்து முதல்முறையாக வாயைத் திறந்தார்.

"என்ன மனுஷன் நீங்க? வந்தவரைப் பட்டினி போடுறீங்க!"

அவமானம் தாங்காமல் தவசிலிங்கம் எழுந்து வராந்தாவுக்குப் போனார்.

"சார்ஜ் ஏத்திக்கோங்க."

சுவரைப் பார்த்தபடியே, "வேண்டாம்" என்றது இயந்திரம்.

"அட, ஏத்திக்கோங்கங்கிறேன்ல."

"உங்க வீட்டுக் கரண்டு எனக்கு எதுக்கு மாப்ள? நான் வந்தேன், பாத்தேன், போறேன்."

"சரி, தப்புதான். எந்திரிச்சிருக்கணும். வாங்க மச்சான், வந்து ஏத்திக்கோங்க."

இயந்திரம் மெதுவாகத் திரும்பியது. "நீங்க இவ்வளவு தூரம் சொல்றதுனால" என்று சொல்லி, பிளக்கை வாங்கிச் சொருகிக்கொண்டது. இரண்டு நிமிடம் கழித்து முகத்தைச் சுளித்தது.

"வோல்டேஜ் கம்மியா இருக்கே மாப்ள. மத்தவகளுக்கும் இதானா, இல்லை எனக்கு மட்டுமா?"

அன்று இரவுச் சாப்பாட்டில் தவசிலிங்கம் இன்னும் இரண்டு இட்லி கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். கோபத்தில் பசித்தது.

அதன்பிறகு அந்த மாடி பழைய மாடியாக இல்லை. மச்சான் எதற்கெல்லாம் கோபித்துக்கொள்ளும் என்று யாராலும் சொல்ல முடியாது. தன் செருப்பைத் தள்ளி வைத்துவிட்டார்கள் என்று ஒருநாள். டிவியில் சேனல் மாற்றும்போது தன்னைக் கேட்கவில்லை என்று ஒருநாள். ஒருமுறை, "அஞ்சு நாப்பது சாத்தூர் பஸ்ஸு, அந்தக் காலத்துல அஞ்சு அம்பதுக்குத்தானே போச்சு?" என்று பேச்சுவாக்கில் சொல்லிவைத்தது. தவசிலிங்கம் கொதித்துப்போனார். அந்த வண்டியை முப்பத்தோரு வருடம் விசில் ஊதி அனுப்பிய வாய் அவருடையது. பேச்சியம்மாளைக் கூப்பிட்டு, தலைமையாசிரியையைக் கூப்பிட்டு, மெல்போர்னில் தூங்கிக்கொண்டிருந்த மகனைக்கூட எழுப்பிச் சாட்சி கேட்டார். மகன் அன்று ஒரு மணி நேரம் பேசினான்.

மூன்று மாதத்தில் ஐந்து கிலோ ஏறிவிட்டார். சுவர்த்திரை காலையில் குறை கேட்டால் அரை மணி நேரத்துக்குக் குறையாமல் சொன்னார். ஆனாலும் இயந்திரத்தை மச்சான் என்று கூப்பிடும்போதெல்லாம், நிஜ மச்சானின் முகம் வந்து அவர் முன்னால் நிற்கும். அதைப் பற்றி அவர் யாரிடமும் பேசவில்லை.

நிஜ மச்சான் ஞானகுரு. தவசிலிங்கத்தின் அக்கா பத்மாவதியின் புருஷன். சாத்தூரில் பம்ப்செட் ரிப்பேர்க் கடை வைத்திருந்தவர். பதினான்கு வருடத்துக்கு முன்பு தவசிலிங்கத்தின் மகன் கல்யாணத்தை ஓடியாடி நடத்தியது அக்காவும் அவரும்தான். மண்டபத்தில் குடும்ப போட்டோ எடுத்தார்கள். பெரியப்பா மக்கள் வந்தார்கள், சம்பந்தி வீட்டுச் சமையல்காரர்கூட வந்து ஓரத்தில் நின்றார். ஞானகுருவை யாரும் கூப்பிடவில்லை. அவர் சாப்பிடாமல் பஸ் ஏறிப் போய்விட்டார். மறந்துபோய்விட்டது என்று தவசிலிங்கம் ஊரெல்லாம் சொன்னார். அவரிடம் மட்டும் நேரில் போய்ச் சொல்லவில்லை. ஆறு வருடத்துக்கு முன்பு அக்கா இறந்தபோதுகூட இருவரும் ஒரே முற்றத்தில் நின்று, வேன் டிரைவர் மூலமாகப் பேசிக்கொண்டார்கள்.

அந்த ஞானகுரு ஒரு வியாழக்கிழமை மூன்று மணிக்கு இல்லத்துக்குள் புயல்போல நுழைந்தார். வயது எழுபத்தொன்பது. ஒரு கையில் கைத்தடி, மறு கையில் கலெக்டருக்கு எழுதிய மனு, சட்டைப்பையில் தனக்கு வந்த ஒரு கடிதம்.

"எங்கே அவன்? என் எடத்துல உக்காந்திருக்கிறவன் எங்கே?"

தவசிலிங்கம் இந்தத் தடவை எழுந்து நின்றார். மச்சானின் முடி மொத்தமும் போயிருந்தது. "வாங்க மச்சான்" என்று சொல்லி முடிப்பதற்குள், பின்னாலிருந்து இயந்திரம், "வந்துட்டேன் மாப்ள" என்று பதில் கொடுத்தது.

ஞானகுரு இயந்திரத்தை மேலும் கீழும் பார்த்தார். தொந்தியைத் தடியால் லேசாகத் தட்டிப் பார்த்தார்.

"நான் உசிரோட இருக்கேன். எனக்குப் பதிலா ஆளைப் போட இந்த அரசாங்கத்துக்கு யாரு அதிகாரம் கொடுத்தது? செத்தவுக எடத்துக்குப் போடட்டும். என் எடம் காலியாகலை!"

"பதினாலு வருசமா காலியாத்தானே கெடந்துச்சு" என்றது இயந்திரம்.

நிலைமையைச் சமாளிக்கப் பேச்சியம்மாள் ஒரு தட்டில் கேசரியோடு ஓடிவந்தார். பாவம், அவர் நல்ல எண்ணத்தில்தான் வந்தார். மூன்று மாதப் பழக்கத்தில் கை தானாக இயந்திரத்திடம் முதலில் போய்விட்டது. இயந்திரம் சாப்பிடாது, ஆனால் தட்டை வாங்கி மடியில் வைத்துக்கொள்வது அதன் வழக்கம்.

"ஓகோ" என்றார் ஞானகுரு. மனுவை மடித்துப் பையில் வைத்தார். திரும்பி நடந்தார்.

"ஐயோ மச்சான், இருங்க!" என்று தவசிலிங்கம் கத்தி, இயந்திரத்தின் மடியிலிருந்து தட்டைப் பறித்துக்கொண்டு அவர் பின்னால் ஓடினார்.

இயந்திரம் காலியான மடியைப் பார்த்தது. "ஓகோ" என்றது. மஞ்சள் பையை எடுத்துக்கொண்டு அதுவும் கிளம்பியது.

இல்லத்துக்கு எதிரே பஸ் நிறுத்தத்தில் ஒரு நீளமான பெஞ்சு உண்டு. அதன் கிழக்கு ஓரத்தில் ஞானகுரு கிழக்கைப் பார்த்து உட்கார்ந்தார். மேற்கு ஓரத்தில் இயந்திரம் மேற்கைப் பார்த்து உட்கார்ந்தது. நடுவில் தவசிலிங்கம் கேசரித் தட்டோடு நின்றார். மாடி ஜன்னல்களில் மீதி முப்பத்தொன்பது தலைகளும் தெரிந்தன.

சாத்தூர் பஸ் வர இன்னும் ஒன்பது நிமிடம் இருந்தது. இன்று ஏறிப் போனால் மச்சான் இனி வரமாட்டார் என்பது தவசிலிங்கத்துக்குத் தெரியும். எழுபத்தொன்பது வயதில் ஒருவர் எத்தனை தடவைதான் வீறாப்பாக வர முடியும்? ஆனால் கிழக்குப் பக்கம் திரும்பினால் வாய் கட்டிக்கொண்டது. மேற்குப் பக்கம் மூன்று மாதமாகப் பேசிப் பழகிய பக்கம். அங்கே போய் உட்கார்ந்தார்.

"மச்சான்" என்றார் இயந்திரத்திடம்.

அது திரும்பவில்லை.

"அன்னிக்குப் போட்டோ எடுக்கும்போது உங்களைக் கூப்பிடலை. மறந்துபோச்சுன்னு எல்லார்கிட்டயும் சொன்னேன். மறக்கலை மச்சான். உங்களைப் பாத்தேன். மண்டபத்து வாசல்ல எல்லாரோட பையையும் பத்திரமா வச்சுக்கிட்டு நின்னுக்கிட்டு இருந்தீக. கூப்பிடத்தான் கையைத் தூக்கினேன். இவரைக் கூப்பிட்டா பையை யாரு பாத்துக்கிறதுன்னு தோணுச்சு. தூக்கின கையால தலையைச் சொறிஞ்சுக்கிட்டேன்."

ஜன்னல்களில் தலைகள் இன்னும் வெளியே நீண்டன.

"அதை எப்படிச் சொல்றது? மறந்துட்டேன்னா மன்னிக்கலாம். பைக்குக் காவலா நிக்க வச்சேன்னா யாரு மன்னிப்பா? அக்கா கேட்டப்பகூடச் சொல்லலை. அவ போயிட்டா."

இயந்திரம் இப்போது அவரைப் பார்த்தது. "இதை எதுக்கு மாப்ள எங்கிட்ட சொல்றீக? அன்னிக்கு நான் பொறக்கவே இல்லையே" என்றது.

தவசிலிங்கம் கேசரித் தட்டை மடியில் வைத்துக்கொண்டார். தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பெஞ்சின் கிழக்கு ஓரத்திலிருந்து குரல் வந்தது.

"பதினோரு பை."

தவசிலிங்கம் நிமிர்ந்தார். ஞானகுரு இன்னும் கிழக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அதுல ஒண்ணு உங்க மருமக நகைப் பை. ஒண்ணுக்குக்கூடப் போகலை நான். நீங்க கையைத் தூக்கினதை நானும் பாத்தேன். எனக்குத்தான் கையைத் தூக்குறீகன்னு சட்டையை இழுத்துவிட்டுத் தலையைச் சீவினேன். சீவி முடிக்கங்காட்டி போட்டோ முடிஞ்சுபோச்சு."

ஞானகுரு தலையைத் தடவிக்கொண்டார். அங்கே இப்போது சீவுவதற்கு ஒன்றுமில்லை.

"தப்பு மச்சான்" என்றார் தவசிலிங்கம். "பெரிய தப்பு. உள்ள வாங்க."

"வேண்டாம்."

பஸ் வந்து நின்றது. டிரைவர் இல்லாத வண்டி. கதவைத் திறந்து, "பயணிகள் ஏறலாம்" என்றது.

"வாங்க மச்சான்!"

"இல்லை மாப்ள, நான் போறேன்." ஆனால் ஞானகுரு எழவில்லை.

"இருபது விநாடியில் வண்டி புறப்படும்" என்றது பஸ்.

தவசிலிங்கம் சாலையில் இறங்கி பஸ்ஸுக்கு முன்னால் போய் நின்றார். ஒரு கையில் கேசரித் தட்டு, மறு கையை மேலே தூக்கியிருந்தார். குறுக்கே ஆள் இருந்தால் வண்டி நகராது என்பது அவருக்குத் தெரியும்.

"நான் விசில் கொடுக்காம இந்த ரூட்டுல ஒரு வண்டி போனதில்லை! மச்சான், உங்க கால்ல வேணா விழறேன். இறங்கி நிக்கிறேன், பாருங்க. வாங்க மச்சான்!"

பஸ் "தடை, தடை" என்று கத்தியது. உள்ளே இருந்தவர்கள் தலையை நீட்டி, "யோவ் பெரியவரே, போய்த் தொலையுமய்யா, அவரு கூப்புடுறாருல்ல" என்று ஞானகுருவைத் திட்டினார்கள்.

ஞானகுரு தடியை ஊன்றி எழுந்தார். "நீங்க இவ்வளவு தூரம் சொல்றதுனால" என்றார்.

மேற்கு ஓரத்திலிருந்து இயந்திரமும் எழுந்தது. "எனக்கு ஒண்ணும் ரெண்டு தடவை கூப்புட வேண்டாம்ப்பா" என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்தது.

அடுத்த மாதம் செல்வகனி வந்தார். ஞானகுரு அதே மாடியில் அறை எடுத்துக் குடிவந்திருந்தார். ஜன்னல் பக்கம் தனக்குக் கொடுக்கவில்லை என்று அப்போது ஒருவாரக் கோபத்தில் இருந்தார். செல்வகனி அதைப் பார்த்துச் சந்தோஷமாகக் கோப்பில் குறித்துக்கொண்டார்.

"விதிப்படி, நிஜ உறவு வந்துட்டா இயந்திரத்தைத் திரும்ப எடுத்துக்கணும் சார். பரமக்குடி இல்லத்துல ஒரு அம்மாவுக்கு நாத்தனார் வேணும். அங்க அனுப்பறோம்."

"அப்ப நிஜ ஆளை வரவழைக்கத்தான் இதெல்லாமா?" என்று கேட்டார் தவசிலிங்கம். "அதுக்குத்தான் இவருக்குக் கடுதாசி போட்டீகளா? 'உங்கள் இடம் சௌகரியமாக இருக்கிறது, நன்றி' அப்படின்னு?"

"கடிதமா? நாங்க யாருக்கும் கடிதம் போடலையே." செல்வகனியின் புருவம் சுருங்கியது. ஞானகுரு எடுத்துக் கொடுத்ததை வாங்கிப் பார்த்தார். "இயந்திரத்துக்கு எழுதப் பயிற்சியே கொடுக்கலை சார். கோவிச்சுக்க மட்டும்தான் கொடுத்தோம்."

மூவரும் வராந்தாவைப் பார்த்தார்கள். இயந்திரம் மஞ்சள் பையைக் கட்டிக்கொண்டிருந்தது.

தவசிலிங்கம் அதன் பக்கத்தில் போனார். "மச்சான், நீங்களா எழுதினீக?"

"எனக்கு வேற வேலை இல்லை பாருங்க" என்றது அது. பையின் முடிச்சை இன்னொரு தடவை அவிழ்த்துக் கட்டியது. "அவரு வந்தா எனக்கென்ன, வராட்டி எனக்கென்ன."

யார் முகத்தையும் பார்க்காமல் படியிறங்கிப் போய் வேனில் ஏறியது. வழியனுப்ப இருவரும் கேட்வரைக்கும் போனார்கள். அது எதிர்ப்பக்க ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருந்தது. வேன் திரும்பி மறைந்தது.

"திரும்பிக்கூடப் பாக்கலையே" என்றார் ஞானகுரு.

"கோவம்தான்."

"நாம ஒரு வார்த்தை, போகாதீகன்னு சொல்லியிருக்கணும் மாப்ள."

"சொல்லியிருக்கணும்." தவசிலிங்கம் எதிரே இருந்த பஸ் நிறுத்தத்தைப் பார்த்தார். "நாளைக்கு ஆறு இருபதுக்குப் பரமக்குடி பஸ் இருக்கு. போய்க் கூப்புட்டுப் பாப்போமா?"

"வெறுங்கையோடயா?"

"அவுக எதையும் சாப்புட மாட்டாகளே. வேட்டி எடுத்துருவோம்."

"வேட்டியா?" ஞானகுரு நின்றுவிட்டார். "நாளையிலிருந்து அவுக நாத்தனாரு. சேலைதான் எடுக்கணும்."

"சரி, பச்சையில எடுப்போம்."

"பச்சை அந்த உடம்புக்கு எடுக்காது. அரக்கு."

"பச்சைதான் மச்சான்."

"அப்ப நீங்களே போய்க் கொடுத்துட்டு வாங்க, நான் வரலை" என்று சொல்லிவிட்டு ஞானகுரு கேட்டுக்குள் விறுவிறுவென்று நடந்தார்.